ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்குப் பத்து



பத்துக் கற்பனைகளின்பேரில் நாம் படித்துவரும் பாடத்தில் ஏழாம் கற்பனைக்கு வந்து நிற்கிறோம். களவு செய்யலாகாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். களவு செய்தாயிற்று, பொருளும் கைக்கு வந்தாயிற்று, மனம் குத்துகிறது. இனி என்ன செய்வது என்று கேட்டால் பெரியவர்களும் விழிக்கிறார்கள். ஆகையால் இந்த வாரம் திரும்பக் கொடுத்தலைப் பற்றிப் பார்ப்போம். அதிலும் ஒரு தனிக் கேள்வி: எடுத்தது ஒன்றானால் கொடுக்கவேண்டியதும் ஒன்றுதானா, அல்லது இரண்டும் நான்கும் பத்துமா?

இது வீண் கேள்வியன்று. நம் வீடுகளிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பேசிய கூலி ஒன்று, கைக்கு வந்த கூலி வேறொன்று என்று திரும்பி வருகிறவர்களும் உண்டு. சட்டப்படி மனுச் செய்தால் பாக்கியோடு பத்து மடங்குவரை சேர்த்துக் கிடைக்கக்கூடும் என்று கேள்விப்பட்டு, "சாமி, அதை வாங்கினால் பாவமில்லையா?" என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களும் மேஸ்திரிகளும் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை. ஆனாலும் இப்பாடம் அவர்களுக்கும் உரியது.

முதலில் ஞானோபதேச முறைப்படி அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பிறர் பொருளை அநியாயமாய் எடுத்துக்கொண்டவன் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் போதுமா?

விடை: போதாது. எடுத்ததைத் திரும்பக் கொடுக்கவேண்டும். எடுத்ததால் உடையவனுக்கு உண்டான நஷ்டத்தையும் ஈடுசெய்யவேண்டும். உடனே முடியாவிட்டால், முடிந்தபோது கொடுக்கும் உறுதியான மனதாவது வேண்டும். கொடுக்க வகையிருந்தும் கொடுக்க மனதில்லாதவனுக்கு மெய்யான மனஸ்தாபம் இல்லை. மனஸ்தாபம் இல்லாத இடத்தில் பாவப் பொறுத்தலும் இல்லை.

இது எந்நாளும் திருச்சபை படிப்பித்துவருவது. 1992-ல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலிலும் 2412-ம் எண்ணில் இதையே காணலாம். பொருளை மட்டுமல்ல, அப்பொருள் உடையவன் கையிலிருந்திருந்தால் அவனுக்கு நியாயமாய்க் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயத்தையும் கொடுக்கவேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறது.

இனி மடங்குக் கணக்குக்கு வருவோம். மோயீசன் வழியாய்க் கொடுக்கப்பட்ட சட்டத்தில், யாத்திராகமம் 22-ம் அதிகாரத்தில், களவுக்கு வெவ்வேறு கணக்கு இருக்கிறது. திருடின மாடு உயிரோடு திருடன் கையிலேயே அகப்பட்டால் ஒன்றுக்கு இரண்டு. அதை அடித்துவிட்டாலோ விற்றுவிட்டாலோ மாட்டுக்கு ஐந்து மாடு, ஆட்டுக்கு நான்கு ஆடு. ஏன் மாட்டுக்கு ஐந்து, ஆட்டுக்கு நான்கு? அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் பழைய உரைகாரரைப் பின்பற்றி ஒரு காரணம் சொல்லுகிறார். மாட்டினால் ஐந்து பிரயோஜனம் உண்டு: பலி, உழவு, இறைச்சி, பால், தோல். ஆட்டினால் நான்கு: பலி, இறைச்சி, பால், கம்பளி. ஆகவே இதற்கு ஐந்து, அதற்கு நான்கு. அன்றியும் காட்டிலும் மேட்டிலும் மேய்கிறவற்றை வீட்டுப் பொருளைப்போல் பூட்டி வைக்க முடியாது, எளிதில் களவு போகும், ஆகையால் தண்டனை கூடவேண்டும் என்றும் சொல்லுகிறார்.

பட்டணத்தில் பிறந்தவனுக்கு இக்கணக்கு வேடிக்கையாய்த் தோன்றலாம். மானாவாரி நிலத்தை நம்பி வாழும் நம் ஊரில் விளக்கவேண்டியதில்லை. ஆடி மழை பெய்து ஈரம் இருக்கும்போது ஏர் மாடு களவு போனால் நஷ்டம் மாட்டின் விலை மட்டுமா? விதைப்புப் போயிற்று, அந்த வருடத்துக் கடலைக்காயும் ராகியும் போயிற்று, பிறகு வட்டிக் கடன். ஆறு மாதங் கழித்து மாட்டின் விலையை மட்டும் எண்ணி வைத்தால் அது திரும்பக் கொடுத்ததாகுமா? அந்த ஐந்து காரணங்களில் உழவே எனக்குப் பெரிதாய்ப் படுகிறது.

ஆனால் அதே சட்டத்தில் வேறொரு கணக்கும் இருக்கிறது. அதை அநேகர் கவனிப்பதில்லை. லேவியராகமம் 6-ம் அதிகாரத்திலும் எண்ணாகமம் 5-ம் அதிகாரத்திலும், குற்றம் செய்தவன் அதை உணர்ந்து அறிக்கையிட்டால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. அதாவது நூறு ரூபாய்க்கு நூற்றிருபது. அகப்பட்டவனுக்கு இரண்டும் நான்கும் ஐந்தும். அறிக்கையிட்டவனுக்கு ஒன்றும் அதன்மேல் சிறு பங்கும். இவ்விரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சக்கேயு சொன்ன வார்த்தையின் பாரம் விளங்கும்.

சக்கேயு எரிக்கோ பட்டணத்தில் ஆயக்காரருக்குத் தலைவன். அர்ச். லூக்காஸ் 19-ம் அதிகாரத்தில் நமதாண்டவர் அவன் வீட்டில் தங்குகிறார். அவனோ எழுந்து நின்று, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காய்க் கொடுப்பதாகவும் வாக்குக் கொடுக்கிறான். அவனை யாரும் பிடித்து நீதிபதியிடம் கொண்டுபோகவில்லை. தானாய் அறிக்கையிடுகிறவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும். அவனோ திருடனுக்குரிய அளவைத் தன்மேல் தானே போட்டுக்கொள்ளுகிறான். தாவீது இராஜாவும் நான்கு மடங்கு என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன ஆட்டுக்குட்டியின் கதையைக் கேட்டு, எவனோ ஒரு பணக்காரன் கொடுக்கவேண்டும் என்று நினைத்துச் சொன்னார். பிறர் குற்றத்துக்கு மடங்கு கூட்டுவது நம் எல்லாருக்கும் சுலபம்.

அப்படியானால் நாம் எல்லாரும் நான்கு மடங்கு கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோமா? இங்கே அர்ச். தோமாஸ் தெளிவான எல்லை போடுகிறார். அநியாயமாய் எடுத்த பொருளின் சமத்துவத்தைச் சரிசெய்வது ஒன்று. செய்த குற்றத்துக்குத் தண்டனை வேறொன்று. முதலாவது, நீதிபதி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மனச்சாட்சியைக் கட்டும். மடங்காய்க் கொடுப்பது தண்டனையைச் சேர்ந்தது. அதை விதிப்பது நீதிபதியின் வேலை. ஆகையால் தீர்ப்புக்கு முன் முதலையும் நஷ்டத்தையும் கொடுத்தால் கடமை தீர்ந்தது. தீர்ப்பு வந்தபின்போ மடங்கையும் கொடுத்தே தீரவேண்டும். சக்கேயு செய்தது கடமைக்கு மேற்பட்ட புண்ணியம்.

குருமடத்து நூலகத்தில் பழைய இலத்தீன் நீதிநூல்கள் உண்டு. அவற்றில் தீசியுஸ் என்றும் காயுஸ் என்றும் இரண்டு கற்பனை மனிதர் வருவார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒருவன் மற்றவனுடைய பொருளை எடுப்பான், எவ்வளவு திரும்பக் கொடுக்கவேண்டும் என்று நாங்கள் கணக்குப் போடவேண்டும். அப்போது சிரித்தோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்தபின்தான் அக்கணக்குகளின் அருமை தெரிகிறது.

மடங்கு வாங்கும் வழக்கம் யூதருக்கு மட்டும் உரியதன்று. உரோமாபுரிச் சட்டத்தில் கையும் களவுமாய் அகப்பட்டவனுக்கு நான்கு மடங்கு, மற்றக் களவுக்கு இரண்டு மடங்கு. இங்கிலாந்தில் 1278-ம் வருடத்துக் குளோஸ்டர் சட்டப்படி, பிறர் நிலத்தை அனுபவித்து அதைப் பாழாக்கினவன் நிலத்தையும் இழந்து, பாழாக்கினதற்கு மூன்று மடங்கும் கொடுக்கவேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1890-ல் வந்த ஷெர்மன் சட்டமும் 1914-ல் வந்த கிளேட்டன் சட்டமும், பெரிய வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து செய்யும் சூழ்ச்சியால் நஷ்டப்பட்டவனுக்கு மூன்று மடங்கும் வக்கீல் செலவும் வாங்கிக்கொள்ள வழிவைத்தன. வக்கீல் செலவையும் சேர்த்தது புத்தியான காரியம். இல்லாவிட்டால் சிறு கடைக்காரன் பெருங் கம்பெனியின்மேல் வழக்குப் போடத் துணிவானா?

மடங்குக்குக் காரணம் இதிலேயே விளங்குகிறது. பத்து பேரை ஏமாற்றினால் ஒருவன்தான் வாய் திறந்து கேட்கிறான். அவனுக்கு மட்டும் பாக்கியைக் கொடுத்தால் மற்ற ஒன்பது பேர் பணம் ஏமாற்றினவனுக்கு லாபம். கேட்கிறவனோ பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் இழந்துதான் கேட்கிறான். மூன்று முறை தர்மபுரிக்குப் போய்வந்தால் பாக்கியில் பாதி வழியிலேயே போய்விடும். ஒன்றுக்கு ஒன்று என்பது காகிதத்தில் சமம்; ஏழையின் கைக்கு வரும்போது குறைந்துவிடுகிறது.

நம் தேசத்துச் சட்டத்துக்கு வருவோம். 1936-ம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே, அநியாயமாய்ப் பிடித்த கூலியைத் திரும்பக் கொடுக்கச் சொல்வதோடு அதன்மேல் பத்து மடங்குவரை நஷ்டஈடும் விதிக்கலாம் என்று இருந்தது. 1948-ம் வருடத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அதே அளவை வைத்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாய்க் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனம் 23-ம் பிரிவு தடைசெய்யும் கட்டாய வேலையே என்று 1982-ல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டிடம் கட்டின தொழிலாளர் வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. இப்போது மேற்படி இரண்டு சட்டங்களுக்கும் பதிலாக 2019-ம் வருடத்து ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025-ம் வருடம் நவம்பர் 21-ந் தேதி முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதில் 45-ம் பிரிவு நமக்கு முக்கியம். கெஜட்டெட் அதிகாரியின் தரத்துக்குக் குறையாத ஒருவர் மனுவை விசாரித்து, பாக்கி இவ்வளவு என்று தீர்மானித்து, அதற்குமேல் பத்து மடங்குவரை நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம்.

கணக்காய்ச் சொல்லுகிறேன். நாளொன்றுக்கு 700 ரூபாய் என்று பேசி 600 ரூபாய் கொடுத்து 90 நாள் வேலை வாங்கினால், பாக்கி 9,000 ரூபாய். அதிகாரி இந்த 9,000 ரூபாயோடு, காரியத்தின் தன்மையைப் பார்த்து, 90,000 ரூபாய்வரை சேர்த்துக் கொடுக்கச் சொல்லலாம். "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். பத்து மடங்கும் எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று யாரும் கடன் வாங்கிச் செலவு செய்யவேண்டாம். ஒரு மடங்கும் ஆகலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். வேண்டுமென்றே ஏமாற்றினானா, கணக்குத் தவறினானா, எத்தனை காலம் இழுத்தடித்தான் என்றெல்லாம் பார்ப்பார்கள்.

அச்சட்டத்தில் இன்னொரு விஷயம் என் மனதுக்குப் பிடித்தது. தினக்கூலிக்காரனுக்கு அன்றைய வேலை முடிந்தவுடன் கூலி கொடுக்கவேண்டும் என்று 17-ம் பிரிவு சொல்லுகிறது. உபாகமம் 24-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழைக் கூலிக்காரனுக்குப் பொழுது சாயுமுன்னே கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்ற கட்டளை அங்கே இருக்கிறது. கொடுக்காமல் பிடித்த கூலி சர்வேசுரனை நோக்கிக் கூப்பிடுகிறது என்று அர்ச். இயாகப்பர் தம் நிருபம் 5-ம் அதிகாரத்தில் எழுதுகிறார். கூலிக்காரரின் கூலியை வஞ்சிப்பது பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடும் நான்கு பாவங்களில் ஒன்று என்று நம் பாட்டன் பாட்டிமார் மனப்பாடம் செய்தார்கள். கொலையோடு சேர்த்து எண்ணப்பட்ட பாவம் அது. 13-ம் சிங்கராயர் பாப்பானவரும் 1891-ல் தொழிலாளரைப் பற்றி எழுதிய நிருபத்தில் இதை நினைப்பூட்டினார்.

அபராதத்துக்கும் மடங்கு நஷ்டஈட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். 2003-ம் வருடத்து மின்சாரச் சட்டப்படி, கொக்கி போட்டுக் கரண்ட் திருடி முதல் முறை தண்டிக்கப்பட்டவனுக்கு, அவன் அடைந்த ஆதாயத்தில் மூன்று மடங்குக்குக் குறையாத அபராதம் உண்டு. மறுமுறை ஆறு மடங்குக்குக் குறையாது. திருவிழாச் சமயத்தில் தெரு விளக்குக்குக் கம்பி இழுக்கும் வாலிபர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. ஆனால் அபராதம் சர்க்காருக்குப் போகும். கூலி வழக்கில் வரும் மடங்கோ நஷ்டப்பட்டவன் கைக்கே வரும். ஏமாற்றினவன் கையிலிருந்து வரும். இதுதான் அதன் விசேஷம்.

எண்ணிப் பெருக்க முடியாத நஷ்டங்களும் உண்டு. நம் மாவட்டத்திலேயே அரூர் தாலுகா வாச்சாத்தியில் 1992-ம் வருடம் ஜூன் மாதம் 20-ந் தேதி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைச் சிப்பந்திகள் செய்த கொடுமையை நீங்கள் அறிவீர்கள். 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள்; வீடுகள் சூறையாடப்பட்டன. 2011-ல் தர்மபுரி கோர்ட்டு, அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 2023-ம் வருடம் செப்டம்பர் 29-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு அதை உறுதிசெய்து, அப்பெண்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியை அக்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர்களிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டது. மானத்துக்கு எது முதல், எது மடங்கு? கணக்கில்லை. ஆயினும் பாதியாவது செய்தவன் கையிலிருந்தே வரவேண்டும் என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது. சர்க்கார் கஜானாவிலிருந்து முழுவதும் வந்தால் அது குற்றமற்ற ஜனங்கள் கொடுத்த வரிப்பணம்தானே.

இனி, "சாமி, வாங்கினால் பாவமா?" என்ற கேள்விக்கு விடை: பாவமன்று. அதிகாரம் உடையவர் விசாரித்து உத்தரவிட்ட தொகை உங்களுக்கு நியாயமாய்ச் சொந்தம். ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே என்பீர்கள். அது பழிவாங்கும் மனதை அறுத்தெறியச் சொன்னது. பிள்ளைகளின் சோற்றை வேறொருவன் தின்ன விட்டுவிடு என்று ஆண்டவர் சொல்லவில்லை. அர்ச். சின்னப்பர் பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிபட்டபோது, அதிகாரிகள் தாங்களே வந்து வெளியே கொண்டுபோய் விடட்டும் என்றார். பின்னொரு முறை செசாரிடம் அப்பீல் செய்தார். பகையை மன்னிப்பது வேறு, கடனைத் தள்ளிவிடுவது வேறு. பகையை மன்னிக்க எல்லாருக்கும் கடமை உண்டு. கடனைத் தள்ளுவது உங்கள் இஷ்டம். அதுவும் உங்கள் பங்கை மட்டும். கூட வேலை செய்த பத்துப் பேருக்காகப் பேசப் போன தலைவன், முதலாளி வாங்கிக்கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு எல்லார் பாக்கியையும் "மன்னித்து" வருவது தர்மமன்று.

ஆனால் மூன்று காரியம் பாவம். வேலை செய்யாத நாளைச் செய்ததாய் எழுதிக் கேட்பது களவு. பத்து மடங்கு என்று பயங்காட்டிச் சட்டத்துக்கு வெளியே பணம் பறிப்பதும் களவு. மூன்றாவது, பணம் வந்தபின்னும் அவன் குடும்பம் அழியட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வது; இது ஐந்தாம் கற்பனைக்கு விரோதம். அன்றியும், பாக்கிக்காரன் நம் பங்கைச் சேர்ந்தவனானால் முதலில் தனியே பேசுங்கள். பிறகு இரண்டொரு பெரியவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். அர்ச். மத்தேயு 18-ம் அதிகாரத்தின் முறை அது. கோவிலில் பக்கத்தில் முழங்காலிடுகிறவனை எடுத்த எடுப்பில் அதிகாரிமுன் நிறுத்துவது அர்ச். சின்னப்பர் கொரிந்தியரைக் கண்டித்த குற்றம். அதற்காகப் பேச்சை வருடக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம். மனுச் செய்ய மூன்று வருடம் தவணை உண்டு. அது கடந்தால் சட்டத்தின் வழி அடைபட்டுப்போகும். முன்பு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதமே தவணையாயிருந்தது.

இப்போது ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தானாய்க் கொடுத்தால் முதலும், அதனால் வந்த நஷ்டமும் போதும். கூலி வராததால் அவன் கந்துவட்டிக்கு வாங்கியிருந்தால் அந்த வட்டி உங்கள் கணக்கில் சேரும். அகப்பட்டபின் கொடுத்தால் பத்து மடங்குவரை. மேஸ்திரிகளே, "முதலாளி எனக்கே தரவில்லை" என்பது சில சமயம் மெய். அப்போது அதைக் கூலிக்காரனிடம் மறைக்காமல் சொல்லி அவனோடு நில்லுங்கள். ஒப்பந்தக்காரன் கொடுக்கத் தவறினால் வேலைத் தலத்தின் உடைமைக்காரரே பொறுப்பு என்று சட்டம் சொல்லுகிறது. வாங்கிவிட்டுத் தரவில்லை என்று சொன்னாலோ, நாள் குறைத்து எழுதினாலோ, முழுக் கடனும் உங்கள் தலையில். களவுக்குக் கட்டளையிட்டவன், யோசனை சொன்னவன், பங்கு வாங்கினவன், தடுக்கவேண்டிய பொறுப்பிருந்தும் வாய் மூடியிருந்தவன் எல்லாரும் திரும்பக் கொடுக்கக் கட்டுப்பட்டவர்கள் என்று அர்ச். தோமாஸ் ஒன்பது வகையாய் எண்ணிக் காட்டுகிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டியது பங்குக் குருவாகிய என் கடமை. பிடித்த கூலியைக் கோவில் உண்டியலில் போட்டால் கடன் தீராது. தேருக்கு விளக்குப் போட்டாலும், சுரூபத்துக்குக் கிரீடம் செய்துவைத்தாலும் தீராது. அது கூலிக்காரனின் பணம். அவன் வீட்டுக்குப் போகவேண்டும். அவன் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு. தேடியும் யாரும் அகப்படாவிட்டால்தான் ஏழைகளுக்கு. நேரில் கொடுக்க வெட்கமானால் பெயர் சொல்லாமல் அனுப்பலாம். வேண்டுமானால் நானே கொண்டுபோய்க் கொடுத்து, யார் கொடுத்தது என்று சொல்லாமல் வருவேன்.

மனுச் செய்ய வேண்டியவர்கள் கவனத்துக்கு: கூலி கொடுத்தாயிற்று என்று ருசுப்படுத்துவது வேலை கொடுத்தவர் பொறுப்பு. ஆயினும் நீங்கள் வேலை செய்த நாள்களைக் காட்டும் நோட்டு, செல்போனில் வந்த செய்திகள், பாங்கில் வந்த வரவு, கூட வேலை செய்தவர்களின் பெயர் இவற்றைப் பத்திரமாய் வைத்திருங்கள். மனுவை நீங்களும் கொடுக்கலாம், நீங்கள் சேர்ந்திருக்கும் தொழிற்சங்கமும் கொடுக்கலாம். உத்தரவான தொகையைக் கொடுக்காமலிருந்தால், நிலவரி பாக்கியைப்போல் கலெக்டர் மூலம் வசூலாகும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தர்மபுரியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987-ம் வருடத்துச் சட்டப்படி பெண்களுக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மக்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமல் அங்கே இலவச உதவி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஞாயிறு பூசை முடிந்து நோட்டோடு பங்கு இல்லத்துக்கு வாருங்கள். நம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.

அடுத்த வாரப் பாடம்: வழியில் கண்டெடுத்த பொருள் யாருக்குச் சொந்தம்?

உங்கள் பங்குக் குரு